சோம்தேவ் வென்றார், இஸ்னர் மேலேறினார்: 2007 கல்லூரி டென்னிஸ் இறுதியாட்டம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

2007 மே மாதக் கடைசியில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில், கல்லூரி மாணவர்களுக்கான தேசிய ஒற்றையர் டென்னிஸ் இறுதியாட்டம் நடந்தது. ஒரு பக்கம் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜான் இஸ்னர். உயரம் 2.08 மீட்டர். பழகிய ஆடுகளம், சொந்தக் கூட்டம். சில நாட்களுக்கு முன்புதான் அவருடைய அணி அதே இடத்தில் தேசிய அணிப் பட்டத்தையும் வென்றிருந்தது. எதிர்ப்பக்கம் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சோம்தேவ் தேவ்வர்மன். குவஹாத்தியில் பிறந்து, சென்னையில் வளர்ந்தவர். இஸ்னரைவிட ஏறத்தாழ ஓர் அடி உயரம் குறைந்தவர். சோம்தேவ் 7-6, 4-6, 7-6 என்று வென்றார். கடைசி டைபிரேக்கில் (செட் 6-6 என்று சமனானால் ஆடும் முடிவு ஆட்டம்) இஸ்னருக்குக் கிடைத்தவை இரண்டே புள்ளிகள்.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 2018 ஜூலையில், இஸ்னர் உலகத் தரவரிசையில் 8ஆம் இடத்தில் இருந்தார். சோம்தேவ் அப்போது ஓய்வு பெற்று ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அவர் தொட்ட உச்சம் 62. 2007 அணிகளுக்கான இறுதியாட்டத்தில் ஜார்ஜியாவிடம் தோற்ற இல்லினாய் பல்கலைக்கழகத்தின் முன்னணி ஆட்டக்காரர் கெவின் ஆண்டர்சன் என்ற தென்னாப்பிரிக்க இளைஞர். அவர் அதே 2018 ஜூலையில் 5ஆம் இடத்தில் இருந்தார்.

ஒரே ஆண்டில், ஒரே போட்டித் தொடரில் ஆடிய மூன்று பேர். கல்லூரிக் கணக்குப்படி முதலாமவர் சோம்தேவ். தொழில்முறைக் கணக்குப்படி அவர் மூன்றாமவர். இந்த வரிசை ஏன் தலைகீழானது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. கல்லூரிப் படிப்பு டென்னிஸ் வீரருக்கு நல்லதா கெட்டதா என்று பொதுவாக விவாதிப்பதைவிட, கல்லூரி எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்க முடியாது என்று இந்த மூவரை வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

கல்லூரிக்குப் போகாதவர் கட்டும் விலை

பதினெட்டு வயதில் தொழில்முறைக்குள் இறங்கும் ஒருவர் எங்கே ஆடத் தொடங்குவார்? அந்தக் காலத்தில் ஃபியூச்சர்ஸ் என்று அழைக்கப்பட்ட அடிமட்டப் போட்டிகளில். மொத்தப் பரிசுத் தொகை 10,000 அல்லது 15,000 டாலர். 10,000 டாலர் போட்டியைக் கோப்பையோடு முடித்தவருக்கே கையில் கிடைத்தது ஏறக்குறைய 1,300 டாலர்தான். அதுவும் வரிப் பிடித்தத்துக்கு முன். முதல் சுற்றில் தோற்றவர் அந்த வாரத்து விடுதி வாடகையைக்கூட அடைத்திருக்க மாட்டார்.

சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் 2013ஆம் ஆண்டுக் கணக்குகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. பயிற்சியாளர் சம்பளத்தைச் சேர்க்காமலே, ஆண் வீரர் ஒருவருக்கு ஆண்டுச் செலவு சராசரியாக 38,800 டாலர் என்றும், வரவும் செலவும் சமமாகும் இடம் ஆண்களுக்குத் தரவரிசையில் 336, பெண்களுக்கு 253 என்றும் அது சொன்னது. அதாவது, உலகத்தின் 400ஆவது சிறந்த டென்னிஸ் வீரர் கைப்பணத்தைப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார். வேறு எந்தத் தொழிலில் உலகத்தில் நானூறாவது ஆளாக இருப்பவர் அப்பாவிடம் பணம் கேட்டு நிற்பார்?

அமெரிக்கக் கல்லூரி அணி இந்தச் செலவை அப்படியே தூக்கிக்கொள்கிறது. ஆடுகளம், மட்டை நரம்பு, உடற்பயிற்சிக் கூடம், இயன்முறை மருத்துவர், பயணம், சாப்பாடு எல்லாம் அணிக் கணக்கில் போகும். பதிலுக்கு வீரர் பரிசுத் தொகையைத் தொடக்கூடாது என்பது பழைய விதி. செலவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கல்வி உதவித்தொகையும் நினைப்பது போல் எல்லோருக்கும் முழுதாகக் கிடைத்ததில்லை. முதல் நிலை ஆண்கள் டென்னிஸ் அணி ஒன்றுக்கு நீண்ட காலம் நான்கரை உதவித்தொகைகளே அனுமதி. பெண்கள் அணிக்கு எட்டு. அந்த நான்கரையை எட்டுப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுக்கும் சாமர்த்தியமும் பயிற்சியாளரின் வேலைகளில் ஒன்று.

ஆக, கல்லூரி கொடுக்கும் முதல் பொருள் காலம். பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுவரை ஒரு வட்டியில்லாக் கடன். அதை வாங்கி என்ன செய்தார்கள் என்பதில்தான் இந்த மூவரும் வேறுபடுகிறார்கள்.

சார்லட்ஸ்வில்

சோம்தேவ் கல்லூரிக்குப் போகும் முன்பே இந்தியாவில் ஃபியூச்சர்ஸ் போட்டிகளை ருசி பார்த்துவிட்டார். 2004இல் கொல்கத்தாவில் ஒன்றை வென்றிருந்தார். வழக்கமான இந்தியப் பாதையில் அடுத்த படி இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் இப்படிப்பட்ட போட்டிகளைத் துரத்திக்கொண்டு ஊர் ஊராக அலைவதுதான். அவர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். சார்லட்ஸ்வில் நகரில் உள்ள அந்தக் கல்லூரியின் பயிற்சியாளர் பிரையன் போலண்ட், அப்போது அணியை அடித்தளத்திலிருந்து கட்டிக்கொண்டிருந்தார்.

அங்கே சோம்தேவ் செய்தது கல்லூரி டென்னிஸில் மிக அரிது. 2006, 2007, 2008 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தேசிய ஒற்றையர் இறுதியாட்டத்தில் நின்றார். முதலாவதில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்து மாணவர் பெஞ்சமின் கோல்லோஃபெலிடம் தோற்றார். இரண்டாவதில் இஸ்னரை வென்றார். மூன்றாவதில் டென்னசியின் ஜான்-பாட்ரிக் ஸ்மித்தை 6-3, 6-2 என்று ஒரு பொருட்டாகவே கருதாமல் முடித்தார். அந்த 2008ஆம் ஆண்டில் அவருடைய வெற்றிகள் 44, தோல்வி 1.

நாற்பத்தைந்து ஆட்டங்களில் ஒரே தோல்வி என்பதை நிறுத்தி யோசிக்க வேண்டும். இது பெருமைப்படத்தக்க எண். கூடவே கொஞ்சம் கவலைப்படத்தக்க எண்ணும்கூட. ஒருவர் ஓராண்டில் ஒரே முறை தோற்கிறார் என்றால், அந்த இடத்தில் அவருக்குக் கற்றுக்கொடுக்க ஆட்கள் தீர்ந்துவிட்டார்கள் என்றே பொருள். தொழில்முறைச் சுற்றில் அதற்கு நேர்மாறு. முதல் 50 பேருக்குள் இருக்கும் வீரர்கூடப் பெரும்பாலான வாரங்களைத் தோல்வியோடுதான் முடிக்கிறார். செவ்வாய்க்கிழமை தோற்று, புதன்கிழமை விமானம் ஏறி, அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி தோற்கும் வாழ்க்கைக்குக் கல்லூரி பழக்குவதில்லை. அங்கே தோற்றாலும் பேருந்தில் பக்கத்தில் ஒன்பது பேர் இருப்பார்கள்.

ஆனால் ஒன்றைக் கல்லூரி பழக்குகிறது. அணி ஆட்டங்களில் இரட்டையருக்கு ஒரு புள்ளி, ஆறு ஒற்றையர் ஆட்டங்களுக்கு ஆறு புள்ளி. முதலில் நான்கைத் தொடும் அணி வெல்லும். ஆறு ஆட்டங்களும் பக்கத்துப் பக்கத்து ஆடுகளங்களில் ஒரே நேரத்தில் நடக்கும். கூட்டம் புள்ளிக்கு நடுவிலும் கத்தும். 3-3 என்று வந்துவிட்டால், கடைசியாக ஆடிக்கொண்டிருப்பவரைச் சுற்றி இரண்டு அணிகளும் வந்து நின்றுவிடும். நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையைத் தவிர வேறெங்கும் டென்னிஸ் வீரருக்கு இந்த அனுபவம் கிடையாது. 2010 செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் பிரேசிலுக்கு எதிராக இந்தியா முதல் நாளிலேயே 0-2 என்று பின்தங்கி, பிறகு 3-2 என்று வென்றதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். முதல் நாள் ரிக்கார்டோ மெல்லோவிடம் தோற்ற சோம்தேவ், நான்காவது ஆட்டத்தில் தாமஸ் பெலூச்சியை எதிர்கொண்டார். வெயிலில் பெலூச்சி ஆட்டத்தைப் பாதியில் கைவிட, கடைசி ஆட்டத்தை ரோகன் போபண்ணா வென்றார். சோம்தேவின் மிகச் சிறந்த ஆட்டங்கள் பலவும் நாட்டுக்காக ஆடியபோது வந்தவை. அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இஸ்னரின் ஆகஸ்ட்

2007 மே மாதம் தோற்ற இஸ்னர், ஜூன் மாதம் தொழில்முறைக்குள் வந்தார். ஒரு ஃபியூச்சர்ஸ், அதற்கு அடுத்த படியான ஒரு சேலஞ்சர் என்று ஏறி, ஆகஸ்டில் ஆண்கள் டென்னிஸின் மேல்மட்டச் சுற்றான ஏடிபியின் வாஷிங்டன் போட்டியில் வைல்டு கார்டு (தரவரிசை போதாதவருக்குப் போட்டி நடத்துபவர்கள் தரும் இடம்) பெற்றார். தரவரிசை 416. அந்த வாரத்தில் அவர் தோற்கடித்தவர்கள்: டிம் ஹென்மன், பெஞ்சமின் பெக்கர், வெய்ன் ஒடெஸ்னிக், டாமி ஹாஸ், கயேல் மோன்ஃபில்ஸ். ஐந்து ஆட்டங்களையும் மூன்றாவது செட் டைபிரேக்கில் வென்றார். இறுதியில் ஆண்டி ராடிக்கிடம் தோற்றார். ஏறக்குறைய நான்கு வாரம் கழித்து அமெரிக்க ஓப்பன் மூன்றாவது சுற்றில் ரோஜர் ஃபெடரரிடம் முதல் செட்டைப் பறித்த பிறகே தோற்றார்.

இந்த வாஷிங்டன் வாரத்தைக் காட்டி, கல்லூரி அழுத்தம்தான் அவருக்கு நெஞ்சுரத்தைக் கொடுத்தது என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அதே இஸ்னர்தான் இரண்டு மாதங்களுக்கு முன் தன் கல்லூரி ஊரில், சொந்தக் கூட்டத்தின் நடுவே, இரண்டு டைபிரேக்குகளைச் சோம்தேவிடம் இழந்தார். நெஞ்சுரம் ஜூன் மாதத்தில் முளைக்காது. மாறியது எதிராளிதான். சோம்தேவ் கல்லூரிச் சுற்றில் இஸ்னரைப் பார்த்துப் பழகியவர். அந்த உயரத்திலிருந்து விழும் சர்வைத் திருப்பி அடிப்பதையே தன் ஆட்டமாகக் கொண்டவர். ஹாஸுக்கும் மோன்ஃபில்ஸுக்கும் அந்தச் சர்வ் புதிது. பிறகு அது யாருக்கும் புதிதாக இல்லாமல் போன பின்னும் அவர்களால் திருப்ப முடியவில்லை என்பது வேறு கதை. இஸ்னர் ஓய்வு பெற்றபோது அவருடைய ஏஸ்களின் (எதிராளியின் மட்டை தொடாமல் புள்ளி தரும் சர்வ்) எண்ணிக்கை 14,000-த்தைத் தாண்டியிருந்தது. அது உலகச் சாதனை.

பதினெட்டு வயதில் இஸ்னர் தொழில்முறைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்த உடலை அடக்கி ஆளக் கற்க ஆண்டுகள் ஆகும் என்பது பயிற்சியாளர்கள் எல்லோரும் அறிந்த விஷயம். கால் அசைவு தாமதமாக வரும்; முழங்காலும் முதுகும் வலுப்பெற வேண்டும். அந்த நான்கு ஆண்டுகளில் அவர் வாரந்தோறும் அந்நிய ஊர்களில் முதல் சுற்றுத் தோல்விகளைச் சேகரிக்காமல், ஒரே ஊரில் இருந்து வலுவேற்றினார். 2010 விம்பிள்டனில் நிக்கோலா மஹூவுக்கு எதிராக 11 மணி 5 நிமிடம், மூன்று நாட்களில், கடைசி செட் 70-68 என்று நின்றது அந்த உடல்தான்.

நுங்கம்பாக்கம், 2009

சோம்தேவ் தொழில்முறைக்கு வந்த வேகமும் குறைந்ததல்ல. 2008 கோடையில் பட்டம் பெற்ற கையோடு லெக்சிங்டன் சேலஞ்சரை வென்றார். அடுத்த ஜனவரியில் சென்னை ஓப்பனில் வைல்டு கார்டு. தரவரிசை 200-க்கு அப்பால். முன்னாள் முதல்நிலை வீரர் கார்லோஸ் மோயாவை வென்றார். இஸ்னரின் உயரத்தை ஒத்த இவோ கார்லோவிச்சையும் வென்றார். ஏதென்ஸில் செய்ததை நுங்கம்பாக்கத்தில் மறுபடி செய்தார் என்றே சொல்லலாம். அரையிறுதியில் ரைனர் ஷூட்லர் காயத்தால் விலக, இறுதியில் மரின் சிலிச்சிடம் 4-6, 6-7 என்று தோற்றார்.

இங்கே ஒரு சிறு விவரம். அதற்கு முந்தைய ஆண்டு, 2008இல், நியூபோர்ட் ஏடிபி ஒற்றையர் இறுதிக்கு வந்தவர் பிரகாஷ் அமிர்தராஜ். அவரும் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு வந்தவர். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகளில் ஏடிபி ஒற்றையர் இறுதி கண்ட இரண்டு இந்தியர்களும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள். இதை நம் ஊரில் அன்று யாரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. சென்னைக் கூட்டத்துக்குச் சோம்தேவ் நம்ம பையன், அவ்வளவுதான்.

2010 சோம்தேவின் ஆண்டு. தில்லி காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கம். அடுத்து குவாங்சோ ஆசிய விளையாட்டில் டெனிஸ் இஸ்தோமினை 6-1, 6-2 என்று நசுக்கி ஒற்றையர் தங்கம். சனம் சிங்கோடு சேர்ந்து இரட்டையர் தங்கமும் வந்தது. சனமும் அதே வர்ஜீனியா மாணவர்தான். 2011 மார்ச்சில் இண்டியன் வெல்ஸில் பக்தாத்திஸ், மாலிஸ் இருவரையும் தாண்டி நான்காவது சுற்றில் ரஃபேல் நடாலிடம் 5-7, 4-6 என்று போராடித் தோற்றார். அந்த ஜூலையில் 62ஆம் இடம்.

அவ்வளவுதான் ஏற்றம். 2012இல் வலது தோள்பட்டை காயம் பெரும்பகுதி ஆண்டை விழுங்கியது. 2013 ஆஸ்திரேலிய ஓப்பனில் யெர்சி யானோவிச்சுக்கு எதிராக முதல் இரண்டு செட்டுகளையும் வென்றுவிட்டு ஐந்தாவது செட்டில் தோற்றார். அதற்குப் பின் சேலஞ்சர் பட்டங்கள் வந்தன, தில்லியில் இரண்டு உட்பட. ஆனால் 62 திரும்ப வரவில்லை. 2017 ஜனவரி முதல் நாள் ஓய்வை அறிவித்தார்.

ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு குறுக்குச் சந்திப்பு

மூன்றாமவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. கெவின் ஆண்டர்சன் இல்லினாயில் மூன்று பருவங்கள் ஆடினார். 2006இல் தேசிய இரட்டையர் பட்டம் வென்றார். ஒற்றையர் பட்டம் ஒருபோதும் வெல்லவில்லை. உயரம் 2.03 மீட்டர். 2011 பிப்ரவரியில் தன் பிறந்த ஊரான ஜோகன்னஸ்பர்க்கில் அவர் முதல் ஏடிபி பட்டத்தை வென்றார். இறுதியில் எதிரில் நின்றவர் சோம்தேவ். முதல் செட்டைச் சோம்தேவ் 6-4 என்று எடுத்தார். அடுத்த இரண்டும் 6-3, 6-2 என்று ஆண்டர்சனுக்குப் போயின.

இந்த ஆட்டத்தை நான் இந்த ஆய்வின் நடுப்புள்ளியாகக் கருதுகிறேன். அன்று இருவரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தார்கள். ஆண்டர்சனுக்கு 24 வயது, சோம்தேவுக்கு 26 நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்திலிருந்து ஒருவர் ஆறு மாதம் மேலே போனார். இன்னொருவர் ஏழு ஆண்டுகள் மேலே போனார். 2017 செப்டம்பரில் ஆண்டர்சன் அமெரிக்க ஓப்பன் இறுதியில் நடாலிடம் தோற்றார். சோம்தேவ் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆன நேரம் அது. 2018 விம்பிள்டன் காலிறுதியில் ஃபெடரரிடம் இரண்டு செட் பின்தங்கி மீண்டு, கடைசி செட்டை 13-11 என்று வென்றார். அரையிறுதியில் எதிராளி யார்? ஜான் இஸ்னர். இரண்டு பழைய கல்லூரி எதிரிகள் 6 மணி 36 நிமிடம் ஆடினார்கள். ஐந்தாவது செட் 26-24. அடுத்த ஆண்டே விம்பிள்டன் கடைசி செட்டில் 12-12 ஆனதும் டைபிரேக் என்று விதியை மாற்றியது. இஸ்னருக்கு அது 33 வயதில் கிடைத்த முதல் கிராண்ட் ஸ்லாம் அரையிறுதி.

பட்டம் எதைச் சொல்கிறது

கல்லூரி ஒற்றையர் பட்டத்தை அடுத்தடுத்து இரண்டு முறை வென்றவர்களை எடுத்துக்கொள்வோம். 1984, 85இல் ஜார்ஜியாவின் மிக்கேல் பெர்ன்ஃபோர்ஸ்: மறு ஆண்டே ஃபிரெஞ்சு ஓப்பன் இறுதி. 2001, 02இல் அதே ஜார்ஜியாவின் மட்டியாஸ் போக்கர்: உலகின் முதல் நூறு பேருக்குள் வரவே இல்லை. 2007, 08இல் சோம்தேவ்: 62. 2011, 12இல் தெற்குக் கலிஃபோர்னியாவின் ஸ்டீவ் ஜான்சன்: 21. இதில் எந்த ஒழுங்கையும் காண முடியவில்லை.

மறுபக்கம் திருப்பிப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஆண்டர்சன், இஸ்னர், டெக்சாஸ் கிறித்தவப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து 2021இல் இண்டியன் வெல்ஸ் வென்ற கேமரன் நாரி, ஹார்வர்டில் இரண்டு ஆண்டு ஆடி 4ஆம் இடம்வரை போன ஜேம்ஸ் பிளேக் ஆகிய நான்கு பேரும் உலகின் முதல் பத்துக்குள் வந்தவர்கள். நால்வரில் ஒருவர்கூடக் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றதில்லை.

கல்லூரிப் பட்டம் அன்றைய நாளில் யார் முழுமையான ஆட்டக்காரர் என்பதைச் சொல்கிறது. சோம்தேவ் இருபத்திரண்டு வயதிலேயே முழுமையாக இருந்தார். ஓட்டம், பொறுமை, திருப்பி அடிக்கும் கண், வெயிலைத் தாங்கும் உடல் எல்லாம் தயார். கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் நான்கு பந்துக்கு மேல் பிழையில்லாமல் அடிக்க மாட்டார்கள். ஐந்தாவது பந்து அவருக்குச் சொந்தம். உலகின் முதல் ஐம்பது பேரோ பதினைந்தாவது பந்தையும் பிழையில்லாமல் அடிப்பார்கள். அங்கே புள்ளியைச் சுருக்க ஒரு பெரிய அடி வேண்டும்: இலவசப் புள்ளி தரும் சர்வ், அல்லது ஒரே வீச்சில் முடிக்கும் ஃபோர்ஹேண்ட். சோம்தேவிடம் அது இருந்ததில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓடிச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. இப்படி ஆடுபவருக்கு வயது எதிரி. சர்வை நம்புபவருக்கு, குறைந்தபட்சம் முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வரை, வயது நண்பன்.

எனவே கல்லூரி கொடுத்த ஆண்டுகள் மூவருக்கும் ஒரே மதிப்புடையவை அல்ல. இஸ்னருக்கும் ஆண்டர்சனுக்கும் அவை பயிர் விளையாத ஆண்டுகள். தொழில்முறையில் செலவழித்திருந்தால் நட்டம். சோம்தேவின் கால்கள் மிக வேகமாக ஓடிய ஆண்டுகளோ சார்லட்ஸ்வில்லில் கழிந்தன. அவர் முதல் முறையாக ஏடிபி சுற்றில் முழுப் பருவம் ஆடியபோது வயது 24. தோள்பட்டை போனபோது 27. அவருடைய வகை ஆட்டத்துக்கு இடையில் கிடைத்தது மூன்றே ஆண்டுகள்.

அப்படியானால் அவர் போயிருக்கக் கூடாதா?

இந்த முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. சோம்தேவின் தலைமுறையிலும் அதற்குப் பின்னும் கல்லூரிக்குப் போகாமல், பதின்பருவத்திலேயே தொழில்முறைக்கு வந்த இந்தியர்கள் இருக்கிறார்கள். யூகி பாம்ப்ரி 2009இல் ஆஸ்திரேலிய ஓப்பன் ஜூனியர் பட்டம் வென்றவர். ஒற்றையரில் அவர் தொட்ட உச்சம் 83. சென்னையின் ராம்குமார் ராமநாதன், சர்வில் சோம்தேவைவிட எவ்வளவோ வலுவானவர், உச்சம் 111. ஐரோப்பாவில் பயின்ற சுமித் நாகல் 68-ஐத் தொட்டார். கல்லூரி வழியே வந்த, பெரிய சர்வ் இல்லாத சோம்தேவின் 62 இவர்கள் எல்லோரையும்விட மேல்.

இந்த ஒப்பீட்டில் சோம்தேவுக்குக் கல்லூரி செய்த உதவி தெரிகிறது. அமெரிக்கருக்கு அது நான்கு ஆண்டுக் காலம் மட்டும். நம் ஊர்க்காரருக்கு அதோடு தரமான எதிராளிகள், விசா கவலை இல்லாத பயணம், தொடர்ந்து ஒரே பயிற்சியாளர், காயத்தைக் கவனிக்க ஆள். இவை எதுவும் இங்கே பணம் கொடுத்தாலும் எளிதில் கிடைக்காதவை. சோம்தேவ் இழந்த மூன்று நான்கு வேகமான ஆண்டுகளை இங்கே இருந்திருந்தால் ஃபியூச்சர்ஸ் போட்டிகளில்தான் செலவழித்திருப்பார். என் மதிப்பீடு: அவருக்குக் கல்லூரி சரியான முடிவு; நான்காவது ஆண்டு மட்டும் வேண்டாத ஒன்று. 2007இல் இஸ்னரை வென்ற மறுநாளே அவர் கிளம்பியிருக்கலாம். 44-1 என்ற எண் அழகானது. ஆனால் அந்த நாற்பத்தைந்து ஆட்டங்களும் அவருக்குப் புதிதாக எதைச் சொல்லிக்கொடுத்திருக்கும்?

இரட்டையர் ஆட்டத்தில் கணக்கு வேறு. அங்கே கல்லூரி ஏறக்குறைய நேரடி நாற்றங்கால். ஒவ்வொரு அணி ஆட்டமும் இரட்டையரில் தொடங்குவதால், நான்கு ஆண்டில் ஒரு மாணவர் ஆடும் இரட்டையர் ஆட்டங்களைச் சமவயது தொழில்முறை வீரர் ஆட மாட்டார். ஸ்டான்ஃபோர்டின் பிரையன் சகோதரர்கள், இல்லினாயின் ராஜீவ் ராம் என்று பட்டியல் நீளும். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்காக 1995இல் தேசிய இரட்டையர் பட்டம் வென்றவர். இரண்டே ஆண்டில் ஃபிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையரை வென்று, கிராண்ட் ஸ்லாம் பட்டம் கண்ட முதல் இந்தியர் ஆனார். சோம்தேவோடு வர்ஜீனியா அணியில் இருந்த டிரீட் ஹியூவும் டொமினிக் இங்லாட்டும் பின்னாளில் சேர்ந்து வாஷிங்டன் இரட்டையர் பட்டத்தை வென்றார்கள்.

இன்றைய நிலை

2007இல் கல்லூரி முடித்தவருக்குத் தொழில்முறைக் கதவு எதுவும் தானாகத் திறக்கவில்லை. வைல்டு கார்டுகளை நம்பியே நின்றார்கள். 2023இல் ஏடிபி கல்லூரித் தரவரிசையில் முதல் பத்துப் பேருக்குக் கீழ்நிலைச் சேலஞ்சர் போட்டிகளின் பிரதானச் சுற்றிலும், அடுத்த பத்துப் பேருக்குத் தகுதிச்சுற்றிலும் இடங்களை ஒதுக்கியது. சோம்தேவும் இஸ்னரும் பரிசுப் பணத்தைத் தொடாமல் காத்த விதிகளும் நீதிமன்ற வழக்குகளில் அடிபட்டுத் தளர்ந்துவருகின்றன. தங்கும் காலமும் குறைகிறது. 2022 மே மாதம் ஃபுளோரிடாவுக்காகக் கல்லூரிப் பட்டம் வென்ற பென் ஷெல்டன், இரண்டே ஆண்டில் கல்லூரி அணியை விட்டுவிட்டு அந்த ஆகஸ்டிலேயே தொழில்முறைக்கு வந்தார். மறு ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் காலிறுதி, செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் அரையிறுதி. பட்டமும் வென்று முதல் பத்துக்குள்ளும் வந்த அவர், மேலே சொன்ன நால்வர் கணக்குக்கு விதிவிலக்கு. பெரிய சர்வ் இருந்தும் காத்திருக்கத் தேவைப்படாதவர்.

பெண்கள் பக்கம் இதே பாதை இன்னும் வலுவாக இருக்கிறது. சோம்தேவ் படித்த அதே வர்ஜீனியாவிலிருந்து வந்த டேனியல் காலின்ஸ், 2014, 2016 ஆண்டுகளில் கல்லூரிப் பட்டம் வென்று, 2022இல் ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதிவரை போனார். 2021 கல்லூரிச் சாம்பியன் எம்மா நவாரோவும் வர்ஜீனியாதான். 2024 அமெரிக்க ஓப்பன் அரையிறுதி ஆடினார். அது தனி ஆய்வுக்குரியது.

நமக்கு அருகில் இருப்பது மதுரையின் தட்சிணேஸ்வர் சுரேஷ். அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் டேவிஸ் கோப்பையில் முதல் முறையாக ஆட இறங்கி, தன்னைவிட நானூறு இடங்களுக்கு மேல் முன்னால் இருந்த ஜெரோம் கிமை 7-6, 6-3 என்று வென்றார். இந்தியா அந்த மோதலை 3-1 என்று கைப்பற்றியது. நல்ல உயரம், கனமான சர்வ். இந்த ஆய்வின் கணக்குப்படி அவர் சோம்தேவ் வகையைவிட இஸ்னர், ஆண்டர்சன் வகைக்கே நெருக்கமானவர். காலம் கொடுத்தால் முன்னேறக்கூடிய ஆட்டம். ஆனால் பீலில் ஆடியபோது அவருக்கு 25 வயது, தரவரிசை அறுநூறைத் தாண்டி. அதே வயதில் இஸ்னர் முதல் இருபதுக்குள்ளும் ஆண்டர்சன் முதல் நாற்பதுக்குள்ளும் இருந்தார்கள். சர்வ் காத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் 600-லிருந்து 336 வரையிலான தூரத்தை, அந்தப் பழைய செலவுக் கணக்கின்படி, அவர் இனிக் கல்லூரிப் பணத்தில் கடக்க முடியாது.